குளிரும் வறட்சியும்: செடியைக் காக்கும் மரபணுக்கள்

உறைபனி செடிக்குச் செய்யும் கேடு பெரும்பாலும் வறட்சியின் கேடுதான். வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே மெல்ல இறங்கும்போது பனிக்கட்டி செல்லுக்குள் உருவாவதில்லை; செல்களுக்கு இடையே உள்ள வெளியில்தான் முதலில் உறைகிறது. உறைந்த அந்தப் பனி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. செல் சுருங்குகிறது, சவ்வு சிதைகிறது, புரதங்கள் உருக்குலைகின்றன. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி பட்ட தேயிலை, மண்ணில் ஈரம் இருக்கும்போதே கருகி நிற்கிறது. கோடையில் காய்ந்த செடிக்கும் அதற்கும் பார்வைக்கு அதிக வேறுபாடு இல்லை. செல்லுக்குள் நடந்ததும் ஏறக்குறைய அதுவே.

இரண்டு துன்பங்களும் நீரிழப்பில் முடிவதால் செடியின் தற்காப்பும் ஒரே வழியில் அமைந்திருக்கிறது. புரோலின் என்னும் அமினோ அமிலமும் சிலவகைச் சர்க்கரைகளும் செல்லில் சேர்ந்து நீரைப் பிடித்து நிறுத்துகின்றன. விதை முதிரும் கடைசிக் கட்டத்தில் பெருகும் ஒரு புரதக் குடும்பத்தை லியோன் டியூர் குழுவினர் 1981இல் பருத்தி விதையில் விவரித்தனர். விதை முற்றிலும் காய்ந்தும் உயிரோடு கிடப்பதற்கு இப்புரதங்கள் துணைநிற்கின்றன. நீர் குறையும்போதும் குளிர் தாக்கும்போதும் இவற்றின் இனத்தைச் சேர்ந்த புரதங்களை இலைகளும் உண்டாக்குகின்றன.

இந்தக் காப்பு எப்போதும் தயார் நிலையில் இருப்பதில்லை. ரை என்னும் தானியச் செடி, கோடையில் வளர்ந்த நிலையில் மைனஸ் 5 டிகிரியிலேயே மடியும். உறையாத அளவுக் குளிரில் சிலகாலம் பழகிய பிறகோ மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும். செடி அதே செடி, மரபணுக்களும் அவையே. குளிர் பட்டதும் எவை விழித்துக்கொள்கின்றன என்பதே கேள்வி.

விடை கடுகுக் குடும்பத்துச் சிறு களையான அரபிடாப்சிஸில் கிடைத்தது. ஜப்பானின் சுக்குபா நகரில் ஆய்வு செய்த கசுக்கோ யமகுச்சி-ஷினோசாக்கி, கசுவோ ஷினோசாக்கி தம்பதியர் 1994இல், வறட்சிக்கும் குளிருக்கும் உப்புக்கும் ஒருசேர விழிக்கும் ஒரு மரபணுவின் முகப்பில் குறுகிய டி.என்.ஏ. தொடர் ஒன்றை அடையாளம் கண்டனர். அதன் மையம் சி-சி-ஜி-ஏ-சி என்னும் 5 எழுத்துகள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாஷோ குழுவினர், அந்த எழுத்துகளில் வந்து ஒட்டி மரபணுவை இயக்கும் புரதத்தை 1997இல் கண்டுபிடித்து சி.பி.எஃப்.1 எனப் பெயரிட்டனர். மறு ஆண்டு ஜப்பானியக் குழு அதன் நெருங்கிய உறவான டிரெப்1ஏ, சற்றுத் தள்ளிய உறவான டிரெப்2ஏ ஆகியவற்றை வெளியிட்டது. முன்னதைக் குளிர் எழுப்புகிறது, பின்னதை வறட்சியும் உப்பும் எழுப்புகின்றன. இரண்டும் ஒட்டுவது அதே 5 எழுத்துகளில். குளிர் பட்ட 15 நிமிடத்துக்குள் சி.பி.எஃப். மரபணுக்கள் இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றையும் எழுப்பும் ஐஸ்1 என்னும் மேல்நிலைப் புரதத்தை விசுவநாதன் சின்னுசாமி உள்ளிட்ட குழுவினர் 2003இல் அறிவித்தனர்.

ஒரு புரதம் பல காப்பு மரபணுக்களை ஒன்றாக எழுப்புமானால் அதையே எந்நேரமும் மிகுதியாகச் சுரக்கவைத்தால் போதும் என்று தோன்றும். அப்படியே செய்து பார்த்தார்கள். செடிகள் உறைபனியையும் வறட்சியையும் தாங்கின, ஆனால் குட்டையாகிப்போயின. துன்பம் இல்லாத நாளிலும் தற்காப்புக்கே செலவிடும் செடியால் வளர முடிவதில்லை. 1999இல் ஜப்பானியக் குழு இதற்கு ஒரு மாற்று கண்டது. டிரெப்1ஏ மரபணுவை, துன்பம் வரும்போது மட்டும் விழிக்கும் ஒரு முகப்புத் தொடரோடு இணைத்தார்கள். வளர்ச்சிக் குறைவு பெரிதும் நீங்கியது. 2 வாரம் தண்ணீர் நிறுத்தியும், மைனஸ் 6 டிகிரியில் 2 நாள் வைத்தும், சாதாரணச் செடிகளைவிட இவை மிக அதிகமாகப் பிழைத்தன. இத்துறையில் மிக முக்கியமான பாடம் இதுதான்: மரபணு எது என்பதைப் போலவே, அது எப்போது இயங்குகிறது என்பதும் பயிரின் தலைவிதியை முடிவு செய்கிறது.

வயலுக்கு வந்த பயிர்கள் வேறு வழிகளில் வந்தன. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா குளிர்த் தாக்குதலின்போது உண்டாக்கும் ஒரு புரதத்தின் மரபணு, மக்காச்சோளத்தில் வறட்சியைத் தாங்க உதவியது. 2013இல் அந்த மக்காச்சோளம் அமெரிக்க உழவர்களிடம் விற்பனைக்கு வந்தது. குளிருக்கான மரபணு வறட்சிக்கு உதவுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அர்ஜென்டினாவில் ராகேல் சான் குழுவினர் சூரியகாந்தி மரபணுவைக் கொண்டு உருவாக்கிய கோதுமைக்கு 2020இல் அந்நாடு அனுமதி தந்தது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வறட்சிக்குச் சீமைக்கருவேலிலும், உப்புக்கு அலையாத்தி மரத்திலும் மரபணுக்களைத் தேடியது.

மரபணுவைச் சேர்க்காமல் முடக்கியும் பயன் பெறலாம். நெல்லில் டி.எஸ்.டி. என்னும் மரபணு, இலைத்துளைகள் மூடிக்கொள்வதைத் தடுக்கிறது. எம்.டி.யு. 1010 நெல்லில் அம்மரபணுவைத் திருத்தி முடக்கியபோது இலைத்துளைகள் குறைந்தன, இலை நீரை அதிக நேரம் தக்கவைத்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இவ்வழியில் உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 ரகத்தை மத்திய வேளாண் அமைச்சர் 2025 மே மாதம் அறிவித்தார். தொட்டியில் பிழைத்த செடிகளின் எண்ணிக்கையை வைத்து இத்தகைய ரகத்தை மதிப்பிட முடியாது. மழை பொய்த்த ஆண்டிலும் நன்றாகப் பெய்த ஆண்டிலும் உழவர் வயலில் கிடைக்கும் விளைச்சலே அதன் மதிப்பைச் சொல்லும்.