மாசூட்டலும் மின்பாதையும்

1976-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டயார்மிட், ஹிடெக்கி ஷிரகாவா, ஆலன் ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்னும் பாலிமரின் படலத்தை மேலும் தூய்மையாக்க முயன்றார்கள். தூய்மை கூடக்கூட மின்கடத்துத்திறன் குறைந்தது. அப்படியானால் மாசுதான் கடத்தலுக்கு உதவியதோ என்ற ஐயம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 23 அன்று படலத்தில் புரோமின் ஆவியைச் செலுத்தினார்கள். இந்த மாசூட்டலால் சில நிமிடங்களில் கடத்துத்திறன் கோடி மடங்கு உயர்ந்தது. 2000-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஷிரகாவாவின் ஆய்வகத்தில் வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகச் சேர்த்துவிட்டதால் பளபளக்கும் படலம் உருவான கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, தூய்மை கூடியபோது கடத்துத்திறன் குறைந்ததைப் பொருட்படுத்திய அந்தக் கவனமே பெரிதாகப் படுகிறது.

பாலிஅசிட்டிலீன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. இரண்டின் நீளமும் ஒன்றல்ல. அதனால் சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி உண்டாகி, எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடக்கின்றன. மாசாகச் சேர்க்கும் அயோடின், சங்கிலியிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, அதன் மின்னூட்டத்தை ஈடுசெய்யும் எதிரயனியாகச் சங்கிலிகளுக்கு நடுவே தங்கிவிடுகிறது. சங்கிலியில் எஞ்சும் நேர்மின்னூட்டம்தான் நகர்கிறது. சிலிக்கானில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் மாசு சேர்த்தாலே போதும். பாலிமருக்குப் பல விழுக்காடு வேண்டும்.

பாலிஅனிலின் வேறு வழியில் போகிறது. அதன் நீலநிறப் படலத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்தால் பச்சையாகிறது; காரத்தில் தோய்த்தால் மீண்டும் நீலம். இங்கே எலக்ட்ரான் பறிபோவதில்லை. நைட்ரஜனில் புரோட்டான் ஏறுகிறது, அவ்வளவே. அதற்கே கடத்துத்திறன் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு கூடிவிடுகிறது.

மாசை அள்ளிச் சேர்த்தால் கடத்துத்திறனும் ஏறிக்கொண்டே போகும் என்று மாணவர் பலர் நினைக்கிறார்கள். ஆனால் மின்னூட்டங்களின் எண்ணிக்கையோடு அவை நகரும் வேகமும் சேர்ந்தே கடத்துத்திறனைத் தீர்மானிக்கிறது. அளவுக்கு மீறிய எதிரயனிகள் சங்கிலிகளின் அடுக்கைக் குலைத்து, மின்னூட்டங்களையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மடையைத் திறந்தால் மட்டும் போதுமா, வாய்க்காலும் தூர்ந்திருக்கக் கூடாதல்லவா?

மின்கடத்தும் பெடாட் பாலிமரும் மின்கடத்தாத பிஎஸ்எஸ் பாலிமரும் கலந்த பெடாட்-பிஎஸ்எஸ் இதற்கு நல்ல சான்று. வெறும் படலத்தின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஒரு சீமன்ஸை ஒட்டியே இருக்கும். கரைசலில் சிறிது எத்திலீன் கிளைக்காலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடோ சேர்த்தால் பல நூறாகிறது. 2014-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் அடர் கந்தக அமிலத்தால் கழுவி 4,000-ஐத் தாண்டினார்கள். பிஎஸ்எஸ்-இல் பெரும்பகுதி வெளியேற, பெடாட் சங்கிலிகள் நெருங்கிப் படிகமாகச் சீர்பட்டதே காரணம். பாலிஅனிலினிலும் இதே கதைதான். கற்பூரத்திலிருந்து பெறும் சல்ஃபோனிக் அமிலத்தால் மாசூட்டி மெட்டா-கிரெசாலில் கரைத்தால், சுருண்ட சங்கிலிகள் நிமிர்ந்து கடத்துத்திறன் நூறுகளுக்குப் போகிறது. என் மதிப்பில், இனிவரும் முன்னேற்றம் புதுப்புது மாசுகளைத் தேடுவதைவிட இந்த ஒழுங்கைச் சீராக்குவதில்தான் இருக்கிறது.

எலக்ட்ரானைக் கூடுதலாக ஊட்டும் எதிர்வகை மாசூட்டல் வெகுகாலம் பின்தங்கியே கிடந்தது. ஏற்ற எலக்ட்ரானைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பறித்துவிடும். வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவிக்கோ இரண்டு வகையும் வேண்டும். 2022-இல் சீன ஆய்வாளர்கள் பலபடியாக்கலையும் மாசூட்டலையும் ஒரே கலத்தில் நடத்தி, புரோட்டானையே எதிரயனியாக்கி, இவ்வகைப் பாலிமரில் சென்டிமீட்டருக்கு 2,000 சீமன்ஸைக் கடந்தார்கள்.