போனவர்களும் இருந்தவர்களும்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கையில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன் பின் கொழும்பில் என் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தே நான் செய்தி எழுதினேன். எனக்கு வேண்டிய மரக்கறியை லொறியில் கொண்டுவந்து தெருமுனையில் விற்றவர்கள் வேறு மனிதர்கள். அவர்கள் வெளியே வந்ததனால்தான் என்னால் வீட்டினுள் இருக்க முடிந்தது. அந்த உறுத்தலே பழைய வரலாற்றைப் புரட்ட வைத்தது.

1665இல் இலண்டனைக் கொள்ளை நோய் தாக்கியபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. அன்று உயிர் பிழைக்கும் வழி நகரை விட்டு ஓடுவதே. இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் அரசவை ஜூலையில் வெளியேறியது. ஒக்டோபரில் நாடாளுமன்றம் ஒக்ஸ்போர்டில் கூடியது. வண்டியும் நாட்டுப்புறத்தில் வீடும் உடையோர் முன்னரே சென்றுவிட்டனர். வெளியூர்களுக்குள் நுழைய, நோயில்லை என்னும் சான்றிதழ் தேவைப்பட்டது. ஏழைகளுக்கோ வழிச்செலவும் இல்லை, போக்கிடமும் இல்லை. நோயாளி இருந்த வீடு, வீட்டார் அனைவரையும் உள்ளே வைத்தே பூட்டப்பட்டது. கதவில் சிவப்புச் சிலுவை வரையப்பட்டது. அவ்வாண்டு இந்நோயால் மாண்டோர் என மரணப் பதிவேடுகள் காட்டும் தொகை 68,596. உண்மைத் தொகை ஓரிலட்சத்தை எட்டியிருக்கும் என்பர் ஆய்வாளர்.

355 ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், நியூயோர்க்கின் சுரங்க ரயில்களில் பயணிகள் தொகை ஏறத்தாழ 90 சதவீதம் வீழ்ந்தது. பட்டம் பெற்றுக் கணினியில் தொழில் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தனர். செல்வர் சிலர், 1665இல் போலவே, கடலோரக் கோடை இல்லங்களுக்குச் சென்றனர். தாதியர், துப்புரவுத் தொழிலாளர், பலசரக்குக் கடை ஊழியர் ஆகியோர் புரொங்ஸ் போன்ற வருமானம் குறைந்த பகுதிகளிலிருந்து தொடர்ந்து ரயில் ஏறினர். சேவைகள் குறைக்கப்பட்டதால் அவர்கள் ஏறிய ரயில்கள் சிலவற்றில் நெரிசல் மிகுந்தது. மே 6 முதல் நள்ளிரவு கடந்து 1 மணியிலிருந்து 5 மணிவரை ரயில்கள் நிறுத்தப்பட்டன; இரவு வேலை செய்வோர் பேருந்துகளை நாடினர்.

ஏழை அன்று நகர முடியாமல் மாண்டான். இன்று நகர்ந்தே தீரவேண்டியிருந்தது. போவதா, இருப்பதா என்று தாமே தீர்மானிக்கும் உரிமை இரு காலத்திலும் வசதி படைத்தோரிடமே இருந்தது. ஊரடங்குக் கட்டளைகளை எழுதுவோரும், அவற்றைச் செய்தியாக்கும் என் போன்றோரும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கூடியவர்கள். அடுத்த கொள்ளை நோயின்போது, பேருந்துகளைக் குறைக்குமுன் அவற்றில் ஏறுவோர் யாரென்று ஒருதரம் போய்ப் பார்ப்பது நல்லது.