பக்கியா, ட்ரக்கா? – பொம்மைக் கார் பந்தயத்தின் பூர்வீகம்

போன மாசம் ஆபீஸில் போனஸ் வந்தது. வந்த அன்று சாயங்காலமே எங்கள் டீமில் இருக்கும் ஈரோட்டுத் தம்பி என் சீட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு சந்தேகங்க. ரேஸ் ஓட்டறதுக்குப் பக்கி வாங்கறதுங்களா, ட்ரக் வாங்கறதுங்களா?"

பக்கத்து சீட் மராட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு நன்றாகவே புரிந்தது. இதே கேள்வியை 2011-ல் நானே எனக்குக் கேட்டுக்கொண்டு, தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டு, இரண்டு மாசச் சேமிப்பைக் கரைத்தவன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கடைத்தெருவில் சிவப்பாகத் தொங்கும் ரிமோட் கார் இல்லை இது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. சுமார் ஒன்றேகால் அடி நீளம், ஒன்றரை கிலோ எடை. ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், கியர் எல்லாம் நிஜமாகவே உள்ளே இருக்கும். உடைந்தால் கழற்றி மாற்றலாம். மண் தரையில் மேடு பள்ளம் கட்டி, நாலைந்து பேர் சேர்ந்து போட்டி ஓட்டுவார்கள். சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு தாழ்வாக இருப்பது பக்கி. பெரிய சக்கரமும் மேலே லாரி மாதிரி கூடும் இருந்தால் ட்ரக். (தமிழில் பக்கி என்றால் வேறு அர்த்தம் என்பது எனக்கும் தெரியும். "எந்தப் பக்கிக்குங்க இவ்வளவு காசு?" என்று வீட்டில் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை :-))

கடையில் கேட்டால் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதைச் சொல்வார்கள். யூடியூபில் கேட்டால் யார் ஓசியில் வண்டி அனுப்பினார்களோ அதைச் சொல்வார்கள். நான் தம்பியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, 1979-லிருந்து ஆரம்பித்தேன். பாவம், அவன் எதிர்பார்க்கவில்லை.

ஜப்பானில் ஷிசுவோகா என்று ஒரு ஊர். 1946-ல் அங்கே ஒரு மரம் அறுக்கும் ஆலையாக ஆரம்பித்ததுதான் டாமியா. கொஞ்ச நாளில் மரத்தில் கப்பல், விமானம் மாதிரிகள் செய்தார்கள். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா ஒரு விசித்திரப் பிடிவாதக்காரர். மாதிரி சரியாக வரவேண்டும் என்பதற்காக நிஜ போர்ஷே காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர். (90 வயதில், 2025 ஜூலையில் காலமானார்.) 1976-ல் போர்ஷே 934 காரை ரேடியோவில் ஓடும் வண்டியாக விட்டார்கள். அடித்துப் பிடித்து விற்றது. ஆனால் அது வழவழப்பான தரையில் மட்டுமே ஓடும். வாசலில் நாலு கூழாங்கல் கிடந்தால் கதை முடிந்தது.

அதற்கான பதில்தான் 1979-ல் வந்த ரஃப் ரைடரும் சாண்ட் ஸ்கார்ச்சரும். மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் 1967-லிருந்தே ஒரு நெடுந்தூரப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் உறுப்புகளை வைத்துக் கட்டிய மணல் வண்டிகள் அதில் பேர்போனவை. முதல் வருஷப் பந்தயத்தை ஜெயித்தது மேயர்ஸ் மேங்ஸ் என்ற அந்த வகை பக்கிதான். டாமியா அந்த வண்டிகளின் சஸ்பென்ஷனை உலோகத்தில் அப்படியே சின்னதாகச் செய்தது. ரேடியோ ரிசீவர் நனையாமல் இருக்கத் தண்ணீர் புகாத ஒரு பெட்டி வேறு. பார்க்க அழகு, பிடித்தால் கனம். பந்தயம் என்பது அவர்கள் மனசில் இரண்டாம் பட்சம்தான். மணல்மேட்டில் ஒரு பீட்டில் தாவினால் எப்படி இருக்கும் என்பதுதான் முதல் ஆசை.

ஆனால் இரண்டு பேர் கையில் ஒரே மாதிரி வண்டி கிடைத்தால் என்ன நடக்கும்? மாட்டு வண்டியானாலும் சரி, போட்டிதான். அமெரிக்கர்கள் இந்த அழகு வண்டிகளைப் பிரித்து, வேண்டாத பாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார்கள். 1984-ல் டாமியா கிராஸ்ஹாப்பரையும் ஹார்னெட்டையும் விட்டது. விலை குறைவு, பிளாஸ்டிக் உடம்பு, எளிதில் சாகாது. பின் அச்சு ஒரே கட்டையாக இருக்கும், அதனால் வண்டி தவளை மாதிரி துள்ளிக்கொண்டே போகும். உலகம் பூரா அந்தக் காலத்துப் பையன்களுக்கு முதல் வண்டி அதுதான். (எனக்கு அப்போது கிடைத்தது திருவிழாக் கடையில் வாங்கிய, சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார். அதன் சாவியும் ஒரு வாரத்தில் தொலைந்தது.)

அதே 1984-ல்தான் ஆட்டத்தையே மாற்றிய வண்டியும் வந்தது. கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் எலக்ட்ரிக்ஸ் கம்பெனிக்காக ரோஜர் கர்டிஸ் வடிவமைத்த ஆர்.சி.10. தங்க நிறத்தில் அலுமினியத் தொட்டி மாதிரி சேஸிஸ். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நீளமான, எண்ணெய் நிரப்பிய ஷாக். எந்த நிஜக் காரின் சாயலும் அதில் இல்லை. பார்க்க வைப்பதற்காகச் செய்த பொருளே இல்லை அது, ஜெயிப்பதற்காகச் செய்தது. மறுவருஷம் 1985-ல் கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தபோது டூ வீல் டிரைவ் பிரிவில் ஜெயித்ததும் அதுவே.

இங்கேதான் தம்பியிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன். ஆர்.சி.10-ல் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். ஏன்? அன்றைய பந்தயத் தரை பெரும்பாலும் பொலபொலவென்ற மண். பாரம் பின் சக்கரத்தின்மேல் இருந்தால்தான் டயர் மண்ணைப் பிடிக்கும். இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நின்ற இடத்தில் புழுதி கிளப்பும். ஆக, அந்த வடிவத்துக்குக் காரணம் அந்த மண்.

இப்போது அப்படியே இங்கிலாந்துக்கு வாருங்கள். அங்கே மழை, ஈரம், பள்ளிக்கூட மைதானத்துப் புல். டூ வீல் டிரைவ் வண்டி ஈரப் புல்லில் பம்பரம்தான். நிஜ ரேஸ் இஞ்சின் செய்யும் காஸ்வர்த் கம்பெனியில் வேலை பார்த்த செசில் ஷூமாக்கர் என்பவர், குட்டி வண்டிகளுக்காகவே ஒரு டிஃபரன்ஷியல் கண்டுபிடித்தார். பல்சக்கரத்துக்குப் பதில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன குண்டுகள். திருகை இறுக்கினால் பிடிப்பு கூடும், தளர்த்தினால் குறையும். 1986-ல் அவர் கம்பெனி விட்ட 'கேட்' என்ற ஃபோர் வீல் டிரைவ் பக்கி, நாலு சக்கரத்தையும் பெல்ட்டால் இழுத்தது. 1987-ல் உலகப் போட்டி இங்கிலாந்தின் ராம்சியில் நடந்தது. ஃபோர் வீல் டிரைவ் பட்டத்தை அந்த வண்டியை ஓட்டி வாங்கிக்கொண்டு போனவர் மசாமி ஹிரோசாகா என்ற ஜப்பான்காரப் பையன். பிற்பாடு மொத்தம் 14 உலகப் பட்டங்கள் வாங்கியவர். இந்த உலகத்தில் அவர்தான் டெண்டுல்கர்.

ட்ரக்கின் கதை வேறு. அமெரிக்காவில் மிக்கி தாம்சன் என்ற பந்தயக்காரர், பாலைவனப் பந்தயத்தைப் பார்க்க ஜனங்கள் பாலைவனத்துக்கு வரமாட்டார்கள், பாலைவனத்தையே ஊருக்குள் கொண்டுவருவோம் என்று முடிவு கட்டினார். 1979-லிருந்து லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி ஊர்களின் ஸ்டேடியங்களுக்குள் மண்ணைக் கொட்டி மேடு கட்டிப் பந்தயம் விட்டார். அதில் ஓடிய பிக்கப் ட்ரக்குகளைப் பார்த்துதான் 90-களின் தொடக்கத்தில் குட்டி ஸ்டேடியம் ட்ரக் வந்தது. உள்ளே பக்கியின் அதே எலும்புதான். சக்கரம் பெரிசு, அகலம் கூட. அதனால் பள்ளத்தில் விழாது, லேசில் கவிழாது. புதுசாக வருகிறவர்களுக்கு இதைவிட மன்னிக்கும் குணமுள்ள வண்டி கிடையாது.

அப்புறம் 2008. டெக்சாஸின் ட்ராக்ஸஸ் கம்பெனி 'ஸ்லாஷ்' என்று ஒன்றை விட்டது. ஷார்ட் கோர்ஸ் ட்ரக் என்று புதுப் பெயர். நிஜ வண்டி மாதிரி சக்கரத்தை மூடிய கூடு, முன்னும் பின்னும் பம்பர். பக்கிகள் உரசினால் சக்கரத்தோடு சக்கரம் கொக்கி மாட்டிக்கொண்டு இரண்டும் பறக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியைப் பிரித்தால் வண்டி தயாராக இருக்கும். ஜனம் அள்ளிக்கொண்டு போனது. மறுவருஷமே அசோசியேட்டட்டும் எஸ்.சி.10 என்று இறங்கியது. ஒரே ஒரு குறை: தாவும்போது அந்தப் பெரிய கூட்டுக்குள் காற்று புகுந்து பாராசூட் மாதிரி தூக்கும். பந்தயக்காரர்கள் பின்பக்கம் ஓட்டை வெட்டித்தான் ஓட்டினார்கள். சில வருஷத்தில் பல இடங்களில் அந்தக் கூட்டம் மெலிந்தது. ஆட்கள் பழையபடி பக்கிக்கே திரும்பினார்கள். வண்டி கெட்டுப்போகவில்லை, கூட ஓட்ட ஆள் இல்லாமல் போனது. இதுவும் முக்கியம்.

நடுவில் பாட்டரி மாறியது, மோட்டார் மாறியது. நிக்கல் காட்மியம் பாட்டரி நாலைந்து நிமிடத்தில் மூச்சு விடும் என்பதால்தான் பந்தயம் ஐந்து நிமிடம் என்று வழக்கம் வந்தது. இன்றைய லித்தியம் பாலிமர் அதைத் தாண்டி நன்றாகவே ஓடும். பந்தயம் மட்டும் அதே ஐந்து நிமிடம்! ரேடியோவும் அப்படித்தான். முன்பு ஒரே கிரிஸ்டலை இரண்டு பேர் போட்டால் என் கைப்பிடியில் உங்கள் வண்டி திரும்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது.

ஆனால் மண் விவகாரம் ஓயவில்லை. பந்தயங்கள் இறுகிய களிமண், செயற்கைப் புல், கார்பெட் என்று பிடிப்பான தரைக்கு நகர நகர, பின்னால் மோட்டார் வைத்த வண்டி திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. மோட்டாரை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். 2013-ல் அசோசியேட்டட் என்ன செய்தது தெரியுமா? பி5 என்று பின் மோட்டார் வண்டி ஒன்று, பி5எம் என்று நடு மோட்டார் வண்டி ஒன்று. ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே பெயர், இரண்டு தரைக்கு இரண்டு வண்டி. 2016-ல் பி6 வந்தபோதும் மண்ணுக்கென்று பி6டி தனியாக. செய்கிறவனே "உன் தரை எது?" என்று கேட்டுவிட்டுத்தான் விற்கிறான்.

2011-ல் என்னை யாரும் கேட்கவில்லை. நான் புனே வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே, கட்டடம் வராத ஒரு லேஅவுட்டில் ஞாயிற்றுக்கிழமை சிலர் வண்டி ஓட்டுவதைப் பார்த்து ஆசை வந்தது. ஹிரோசாகா கதையெல்லாம் படித்து மயங்கி, பெல்ட் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் பந்தய பக்கி ஒன்றை ஒரு கடையில் சொல்லி வரவழைத்தேன். அந்த லேஅவுட்டில் இருப்பது செம்மண் சரளை, இந்த ஊரில் முரூம் என்பார்கள். முதல் ஞாயிறே ஒரு கல் உள்ளே புகுந்து பெல்ட்டின் பல்லைச் சாப்பிட்டது. "ஒரு வாரத்துல வந்துரும் சார்" என்றது கடை. ஏழு வாரம் கழித்து வந்தது வேறு நீளப் பெல்ட். அங்கே ஓட்டிய மற்ற ஆறு பேரிடமும் டூ வீல் டிரைவ் வண்டிகள். என் வண்டியின் ஒரு திருகு கூட அவர்களிடம் கிடையாது. அதோடு வண்டி பீரோ மேல் ஏறியது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அப்போதாவது பரவாயில்லை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. தப்பாக வாங்கினால் தப்புக்கும் சேர்த்து வரி கட்டவேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது டீ இரண்டு தடவை வந்துவிட்டது. தம்பி கேட்டான்: "அப்ப பக்கிங்களா, ட்ரக்குங்களாண்ணே?"

பதில் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை அதே லேஅவுட்டுக்குக் கூட்டிப் போனேன். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்தான். அப்புறம் வரிசையாக நின்ற வண்டிகளை எண்ணினான். மொத்தம் ஒன்பது. ஆறு ஷார்ட் கோர்ஸ் ட்ரக், ஆறும் ஒரே மாடல். இரண்டு பக்கி, ஒரு ஸ்டேடியம் ட்ரக். அமெரிக்காவில் மெலிந்த கூட்டம் இந்தச் சரளைமேல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ட்ரக் வைத்திருந்த ஒரு சர்தார்ஜி தன் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்ததும் புதுசுமாக சஸ்பென்ஷன் கைகள் மட்டும் பதினைந்து இருக்கும். "எது வேணும்னாலும் எடுத்துக்கோ, அப்புறம் திருப்பிக் கொடு" என்று ஹிந்தியில் சொன்னார்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி தம்பி போனை நோண்டிக்கொண்டே வந்தான். வண்டி ஆர்டர் பண்ணிவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்லீங்ணா. முதல்ல முன் கை ரெண்டு செட்டு போட்டுட்டேன். வண்டி அடுத்த மாசங்க."