வராதவருக்குப் போன கடிதம்: இடைநிற்றல் ஆய்வு கடந்து வந்த வழி

பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்கிறோம். அவன் அக்கா கவுன்சிலிங் போவதை நிறுத்திவிட்டாள் என்கிறோம். இரண்டிலும் வினை போனவருடையது. பழியும் அவர் தலையில்தான் விழுகிறது. அவரை அங்கே இருக்கவிடாமல் செய்தது எது என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. கல்வியிலும் மனநலச் சிகிச்சையிலும் பாதியில் விலகுவோரைப் பற்றிய ஆய்வு பல பத்தாண்டுகள் இதே இலக்கணத்துக்குள்தான் அடைபட்டிருந்தது.

இந்த ஆய்வு பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்தது. 1930களின் இறுதியில் அந்நாட்டுக் கல்வி அலுவலகத்துக்காக ஜான் மக்நீலி தயாரித்த அறிக்கை, கல்லூரியை விட்டு விலகுவதை ‘மாணவர் மரணம்’ என்ற பொருள்படும் சொல்லால்தான் குறித்தது. விலகியவரின் நுண்ணறிவு மதிப்பெண், ஆளுமைச் சோதனை, குடும்பப் பின்னணி ஆகியவற்றில் காரணத்தைத் தேடுவது அப்போதைய வழக்கம். 1962இல் ஜான் சம்மர்ஸ்கில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்கக் கல்லூரிகள் நான்கு ஆண்டுகளில் சராசரியாகப் பாதி மாணவர்களை இழப்பது தெரிந்தது. வகுப்பில் பாதிப்பேர் காணாமல் போகும்போது, குறை அத்தனை பேரிடமுமா இருக்கும் என்ற சந்தேகம் வந்தே தீரும்.

அந்தச் சந்தேகத்துக்குக் கோட்பாட்டு வடிவம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் தற்கொலை பற்றி எழுதிய நூலில், தனிமனிதரின் அந்தரங்க முடிவாகத் தோன்றும் இச்செயலிலும் சமூகப் பிணைப்பின் வலிமைக்குப் பங்கு உண்டு என்று வாதிட்டிருந்தார். 1970இல் வில்லியம் ஸ்பேடி அந்த வாதத்தைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். 1975இல் வின்சென்ட் டின்டோ அதை முழு மாதிரியாக விரித்தார். மாணவர் ஒருவர் பாடத்தோடும் ஆசிரியரோடும் எவ்வளவு ஒட்டுகிறார், சக மாணவரோடும் வளாக வாழ்வோடும் எவ்வளவு ஒட்டுகிறார் என்ற இரண்டு இழைகளும் சேர்ந்தே அவர் தங்குவதையும் போவதையும் தீர்மானிக்கின்றன என்றார். விலகல் அதன்பின் ஓர் உறவின் முறிவாகப் பார்க்கப்பட்டது.

டின்டோவின் மாதிரிக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருந்தது. ஒட்டவேண்டிய பொறுப்பை அது பெரும்பாலும் மாணவரிடமே விட்டது. 1992இல் வில்லியம் டியர்னி, அமெரிக்கப் பழங்குடி மாணவர்களை முன்வைத்து இதைக் கடுமையாக மறுத்தார். வேறொரு பண்பாட்டிலிருந்து வரும் பிள்ளை தன் ஊரையும் உறவையும் கழற்றி வைத்தால்தான் கல்லூரிக்குள் ஒட்டமுடியும் என்றால், அது ஒட்டுதலா, அழிதலா? டியர்னி பக்கம்தான் நியாயம் என்று நான் கருதுகிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போய்த் தன் பேச்சை மாற்றிக்கொள்ள நேர்ந்த எவருக்கும் இந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தைச் சோதனைக்கு உட்படுத்தியது. முதலாண்டு மாணவர்கள் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ‘இங்கே நமக்கு இடமில்லையோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது, நாளாக நாளாகப் போய்விட்டது’ என்ற பொருளில் மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் படித்தார்கள். தங்கள் அனுபவத்தை எழுதி, அடுத்த ஆண்டு வரப்போகிறவர்களுக்காகக் கேமரா முன் பேசினார்கள். அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியாகக் குறைந்தது. பங்கேற்றவர்கள் 92 பேர்தான்; ஒரே சோதனையை வைத்து மாயம் என்று கொண்டாடக்கூடாது. ஆனாலும், ‘நான் இங்கே வேண்டப்பட்டவனா’ என்ற சந்தேகம் படிப்பை எவ்வளவு ஆழத்தில் அரிக்கிறது என்பதை அது காட்டியது.

மனநலச் சேவையில் முதல் சிக்கல் எண்ணுவதிலேயே இருந்தது. 1993இல் வியர்ஸ்பிக்கியும் பெக்காரிக்கும் 125 ஆய்வுகளைத் திரட்டி, உளச்சிகிச்சையிலிருந்து ஏறக்குறைய 47 சதவீதம் பேர் பாதியில் போகிறார்கள் என்றார்கள். 2012இல் ஸ்விஃப்டும் கிரீன்பெர்கும் 669 ஆய்வுகளைப் பார்த்து 19.7 சதவீதம் என்றார்கள். இடையில் சிகிச்சை முறைகள் மாறின. ஆய்வு செய்யும் விதமும் மாறியது. அதோடு, ‘பாதி’ எது என்பதை யார் சொல்கிறார் என்பதும் கணக்கை மாற்றியது. சிகிச்சையாளரின் தீர்ப்பை அளவுகோலாகக் கொண்ட ஆய்வுகளில் விகிதம் கூடுதலாக வந்தது. கலிஃபோர்னியாவில் மோஷே டால்மன், ஒரே ஒரு தடவை வந்து போன தன் நோயாளிகள் 200 பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டார். வந்த காரியம் முடிந்தது, அதனால்தான் திரும்ப வரவில்லை என்ற பொருளில் 78 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களும் விலகியவர்கள்தான். மிச்சமிருந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நலமாகிப் போனவரும் நொந்து போனவரும் பதிவேட்டில் ஒரே வெற்றுக் கட்டமாகத் தெரிகிறார்கள்.

அந்த வெற்றுக் கட்டத்துக்கு முகவரி எழுதியவர் சான்ஃபிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ. மனச்சோர்வாலும் தற்கொலை எண்ணத்தாலும் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவர்களில், தொடர் சிகிச்சை வேண்டாம் என்றோ இடையில் விட்டோ போன 843 பேரை 1969இலிருந்து அவர் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு, மருத்துவமனையில் அவர்களோடு பேசிய அதே ஊழியரிடமிருந்து கடிதம் போனது. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, பிறகு எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அடுத்த நான்கு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, மொத்தம் 24. கடிதத்தில் நாலு வரிதான் இருக்கும். நீங்கள் இங்கிருந்து போய்ச் சில நாளாயிற்று, நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மகிழ்வோம். சிகிச்சைக்கு வா என்ற வற்புறுத்தல் கிடையாது, கேள்வி கிடையாது. ஒருவருக்கே திரும்ப எழுதும்போது அதே வாசகம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பதில் போட்டவருக்கு உடனே தனிப்பதில் போனது. ஐந்து ஆண்டுகளும் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியானது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்தபோது, அதிகம் பழகியிராத ஓர் இளம்பெண் தனக்கு விடாமல் எழுதிய கடிதங்களே இந்த யோசனைக்கு விதை என்று மோட்டோ பின்னாளில் சொன்னார்.

இந்த வழியில் வந்ததுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து நாட்டுச் சோதனை. அதன் களங்களில் சென்னையும் கொழும்பும் இருந்தன. மற்றவை பிரேசில், ஈரான், சீனா. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினரோடு, வீடு திரும்பும் நேரத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்றாம் வாரங்களிலும், நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களிலும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள், அல்லது நேரில் போனார்கள். 2008இல் முடிவு வெளியானது. பதினெட்டு மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 18 பேர். தொடர்பில் இருந்த குழுவில் 2 பேர்.

மறுமுயற்சிகளின் எண்ணிக்கையில் மட்டும் இரண்டு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மனநோவு இரு பக்கமும் ஒரே அளவில் வந்துபோயிருக்கலாம்; சாவு மட்டும் குறைந்திருக்கிறது. அந்த ஒன்பது தொடர்புகளில் எது வேலை செய்தது என்பதைச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் போன் வராது, நான்காம் வாரம் வரும் என்று தெரிந்த ஒருவர் அந்த இடைவெளியை எப்படிக் கடக்கிறார் என்பதைத்தான் இந்தத் துறை அடுத்து விசாரிக்க வேண்டும். அதற்கான விடை வினாத்தாளில் கிடைக்காது. அந்த வீடுகளுக்குப் போய்வந்த ஊழியர்களிடம் உட்கார்ந்து கேட்கவேண்டும்.