ஐம்பது வயதும் ஒரு காவல் அதிகாரியும்: அமெரிக்கக் கட்டாய ஓய்வு விதியின் வரலாறு

காவல் பணியில் இருப்பவர் குறிப்பிட்ட வயதை எட்டியதும், அவரது விருப்பத்தையோ உடல்தகுதியையோ பாராமல் பணியிலிருந்து விடுவிக்கும் கட்டாய ஓய்வு விதிக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் காரணம் பொதுமக்களின் பாதுகாப்பு. துரத்திப் பிடிக்கவும் மல்லுக்கட்டவும் நேரிடும் பணியில் தளர்ந்த உடல் ஆபத்து என்பதே அந்த வாதம். எனினும் 1970-களிலிருந்து நடந்த வழக்குகளையும் சட்டத் திருத்தங்களையும் வரிசையாக நோக்கினால், விதி நிலைபெற்றதற்கு உடல் பற்றிய சான்றைக் காட்டிலும் நிருவாக வசதியே பெரிய துணையாக இருந்தது என்பது புலப்படும்.

அன்றைய மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி, சீருடை அணிந்த மாநிலக் காவலர் 50 வயது நிறைந்ததும் ஓய்வுபெற்றாக வேண்டியிருந்தது. அதே துறை தன் காவலர்களை 40 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பியது. பிந்தைய பரிசோதனையில் இ.சி.ஜி. பதிவும், குடலில் இரத்தக் கசிவு உண்டா என்று பார்க்கும் சோதனையும் அடங்கும். லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் முர்ஜியா, வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் இப்பரிசோதனையில் தேறியிருந்தார். அவரால் பணியாற்ற முடியும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் 1976-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: இனப்பாகுபாடு கொண்ட சட்டத்தை ஆராயும் கண்டிப்பு வயது வரம்புக்குத் தேவையில்லை, சட்டத்துக்கும் அதன் நோக்கத்துக்கும் இடையே நியாயமான தொடர்பு ஒன்று இருந்தாலே போதும். தனித்து மாறுபட்டவர் நீதிபதி தர்குட் மார்ஷல். ஒவ்வொருவரையும் சோதிக்கும் ஏற்பாடு கையில் இருக்கும்போது, தேறியவரையும் வயதைக் காட்டி நீக்குவதில் அவர் பகுத்தறிவைக் காணவில்லை. தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளுக்கு வயது வரம்பே கிடையாது, அவர்கள் ஆயுள்வரை பதவி வகிக்கலாம் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அரசியலமைப்பு தராத காப்பை நாடாளுமன்றச் சட்டம் தரும் என்ற நம்பிக்கை அடுத்து எழுந்தது. பணியிடத்தில் வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்த 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 1974-இல் மாநில அரசுகளுக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. அவ்விரிவாக்கம் செல்லும் என்று, வயோமிங் மாநில வனவிலங்குக் காவலர்களின் 55 வயது வரம்பு குறித்த வழக்கில், 1983-இல் ஐந்துக்கு நான்கு என்னும் பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாநிலங்களும் நகரங்களும் இதை எதிர்க்கவே, 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் காவலருக்கும் தீயணைப்போருக்கும் 1993 இறுதிவரை விலக்களித்து, இடைக்காலத்தில் அறிவியல் ஆய்வு ஒன்றையும் நடத்தப் பணித்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் நடத்தி 1992-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பணித்திறனைக் கணிக்க வயதைவிட உடல், மனத் தேர்வுகளே ஏற்றவை என்று கண்டது. விலக்கு காலாவதியானது. ஆனால் 1996-இல் நாடாளுமன்றம் அதே விலக்கைக் காலவரையறையின்றி மீட்டது. புதிதாக வரம்பு விதிக்கும் மாநிலம் 55-க்குக் கீழே இறங்கலாகாது என்பதே அதில் வைத்த முக்கியமான கட்டுப்பாடு. கேட்டு வாங்கிய ஆய்வை இப்படிப் புறந்தள்ளியதற்கு அறிவியல் காரணம் தேடுவது வீண். பிறந்த தேதியைப் பார்த்து அனுப்பிவிடுவது, ஆண்டுதோறும் சோதித்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று அறிவித்துப் பின் வழக்கைச் சந்திப்பதைவிட எளிது.

விதி மேலிடத்தில் வளைந்ததும் உண்டு. கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் ஜே. எட்கர் ஹூவர் 70 வயதை எட்டவிருந்த நிலையில், 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் ஆணை பிறப்பித்து அவருக்குக் கட்டாய ஓய்விலிருந்து விலக்கு அளித்தார். ஹூவர் 1972-இல் தம் 77-ஆம் வயதில் இறக்கும்வரை பதவியிலேயே இருந்தார். சாதாரண முகவர்களின் நிலை வேறு: 1974-ஆம் ஆண்டுச் சட்டம், 20 ஆண்டுப் பணி முடித்த கூட்டாட்சிக் காவல் அலுவலர்களுக்கு 55 வயதை வரம்பாக்கியது. அது பின்னர் 57 ஆயிற்று. நியூயார்க் நகரக் காவல்துறையிலோ வரம்பு 63.