இளைத்தலின் இரு வரலாறுகள்: சேலம், நாமக்கல் சமவெளியில் பசியும் உடம்பும்

வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கிலும் தென்கிழக்கிலும் கல்வராயன், கொல்லி மலைகளும், மேற்கே காவிரியும் எல்லை வகுக்க, திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இடையே ஓடும் சேலம், நாமக்கல் சமவெளி, நெடுங்காலம் வானத்தையும் கிணற்றையும் நம்பிப் பயிர்செய்து வந்த மேட்டுநிலப் பகுதியாகும். மனித உடம்பு மெல்ல மெல்ல எடை குறைவது என்னும் ஒரே நிகழ்வு, இந்நிலத்தில் நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் நேர் எதிரான இரண்டு பொருள்களைப் பெற்றிருக்கிறது. 1877இல் அது சாவு நெருங்குவதன் அறிகுறியாக இருந்தது. இன்று அது மருத்துவர்கள் பலருக்கும் எழுதித்தரும் அறிவுரையாக இருக்கிறது. முதற்பொருள் குடும்பங்களின் பேச்சிலும் பந்தி உபசாரத்திலும் இன்னும் உயிரோடு இருப்பதால்தான், நல்ல பசியுள்ள ஒருவர் தம் எடையைத் திட்டமிட்டுக் குறைக்க முற்படும்போது, அவருக்கு முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே எழுகிறது.

இச்சமவெளியின் பழைய உணவு புன்செய்த் தானியங்களை அடிப்படையாகக் கொண்டது. வடபகுதியில் ராகியும், தெற்கே நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் கம்பும் சோளமும், மலையை ஒட்டிய ஊர்களில் சாமையும் தினையும் வீட்டுத் தானியங்களாக இருந்தன. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், நோன்பு, விருந்தாளி வருகை ஆகியவற்றுக்கு உரியதாகக் கருதப்பட்டது. கம்பை நீர் தெளித்து உரலிலிட்டு இடித்து, உமியைப் புடைத்து நீக்கி, மறுபடியும் இடித்து நொறுக்கிய பிறகே கம்மஞ்சோறு ஆக்க முடியும். ராகியைத் திரிகையில் அரைத்து, கொதிக்கும் உலைநீரில் சிறிது நொய் வேகவிட்டு, மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டிய பிறகே களி கிடைக்கும். இரவில் சுடுகளியும் கீரைக் கடைசலும் அல்லது கொள்ளுக் கடைசலும், காலையில் நீரிலிட்ட மிச்சக் களியைக் கரைத்த கூழும் என்பது உழவர் வீடுகளின் பொதுவான முறை. ஒரு வேளை உணவை ஆக்குவதற்கே பெண்களின் உடலுழைப்பு நாழிகைக் கணக்கில் செலவாயிற்று என்பதை மறந்துவிட்டு அக்காலத்து உணவின் அளவைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

ஆண்களின் உழைப்பிலும் கிணறே நடுவில் நின்றது. பிற பகுதிகளில் கமலை என்றும் கொங்குப் பகுதியில் கவலை என்றும் வழங்கும் நீரிறைப்பு முறையில், ஓர் இணை எருதுகள் சரிவான பாதையில் இறங்கி வடத்தை இழுக்க, இரும்புச் சாலும் அதனுடன் இணைந்த தோல் தும்பியும் ஆழ்கிணற்றிலிருந்து நீரை மேலேற்றிக் கொட்டும். பின்பு எருதுகள் பின்னோக்கி ஏற, சால் மீண்டும் இறங்கும். விடியலுக்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும்வரை இறைப்பவர் எருதுகளோடு அச்சரிவில் இறங்கி ஏற, வயலில் வேறொருவர் மண்வெட்டியோடு மடை மாற்ற வேண்டியிருந்தது. இத்தகைய உழைப்புக்குப் பின் இரண்டு மூன்று பெரிய களியுருண்டைகளை உண்பது பெருந்தீனியாகக் கருதப்படவில்லை. உண்ண முடியாதவரால் உழைக்கவும் முடியாது என்பதே ஊரின் கணிப்பாக இருந்தது. நிறைய உண்ணுதல் உழைப்பாளியின் தகுதியாகவும், பசி உடல்நலத்தின் சான்றாகவும் மதிக்கப்பட்டதற்கு இந்த வாழ்க்கைமுறையே காரணம்.

இந்த ஒழுங்கை உலுக்கிய பேரிடர், அறுபதாண்டுச் சுழற்சியில் அமைந்த தமிழ் ஆண்டுப் பெயரால் தாது வருஷப் பஞ்சம் என்று வழங்கும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சமாகும். மழை பொய்த்துப் புன்செய்ப் பயிர்கள் கருகியதும் தானிய விலை கூலியாட்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 1860களின் தொடக்கத்திலேயே சேலம் வழியாக இருப்புப்பாதை போடப்பட்டிருந்தும், காசில்லாதவர் வயிற்றுக்கு அது தானியத்தைக் கொண்டுசேர்க்கவில்லை. மக்கள் காட்டுக் கிழங்குகளையும் கீரைகளையும் தேடி அலைந்தனர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் அது சுமார் 16 லட்சம். பட்டினிச் சாவு, கொள்ளைநோய், பிறப்புக் குறைவு, வெளியேற்றம் ஆகிய அனைத்தும் சேர்ந்த இந்த வீழ்ச்சி, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானது. பழைய மக்கள்தொகையின் அளவை எட்டப் பல ஆண்டுகள் தேவைப்பட்ட இவ்விழப்பிலிருந்து தப்பிய குடும்பம் எதுவும் அதை மறந்திருக்க வழியில்லை.

அப்பஞ்சத்தின்போது, ஓர் உடம்பு எவ்வளவு குறைந்த உணவில் உயிர் தரிக்கும் என்பது அரசின் விவாதப்பொருளாகவும் ஆயிற்று. வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக 1877இன் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு, ஒரு பவுண்டு தானியத்தின், அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும் சிறு தொகையும் நாள் கூலியாகப் போதும் என்று வரையறுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவரும், 1860களிலேயே சென்னை மாகாண மக்களின் உணவைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவருமான மருத்துவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு அந்த அளவு போதாது என்பதும், குறையுணவின் கேடு சிலநாளில் வெளிப்படாமல் உள்ளூர வளர்ந்து, பின்னால் உணவு கொடுத்தும் மீட்க முடியாத மெலிவில் முடியும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டாலும், அதற்குள் இழக்கப்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டவையே. மெதுவான எடை இழப்பு என்பது இப்பகுதியின் எழுத்துப் பதிவுகளில் பெரிதாகப் பேசப்பட்டது இவ்வாறு ஓர் அநீதியின் கணக்காகத்தான்.

இந்த நினைவின் பின்னணியில் வைத்துப் பார்த்தால், கொங்கு வீடுகளின் உபசாரமும் கண்டனமும் விளங்கும். வெளியூரிலிருந்து வந்த பேரனையோ பேத்தியையோ வாசலில் கண்டதும் அம்மாயி, அதாவது தாய்வழிப் பாட்டி, "ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுப் போயிட்ட? நேரத்துக்குச் சோறு உண்ணறதில்லையா?" என்று கேட்பது வரவேற்புச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. குலதெய்வக் கோயிலின் கிடா விருந்திலும் காதுகுத்துப் பந்தியிலும், போதும் என்று இலைமேல் கைமறித்தவருக்கு இன்னொரு கரண்டி வைப்பதே பரிமாறுபவரின் கடமையாகக் கருதப்படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் சற்றுப் பூசினாற்போல் இருந்தால் புகுந்த வீட்டுக்குப் பெருமை, மெலிந்தால் அவ்வீட்டுக்குப் பழி என்னும் எண்ணமும் இதைச் சார்ந்ததே. பஞ்சத்தைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் வளர்த்த இந்த வழக்கம் கொடுமையிலிருந்து பிறந்ததன்று; அச்சத்திலிருந்தும் அன்பிலிருந்தும் பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்த அச்சத்துக்கான காரணங்கள் ஒவ்வொன்றாக விலகின. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. பின்னர் அதன் கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் இம்மாவட்டங்களின் ஒரு பகுதிக்குப் பாசனம் தந்தன. எண்ணெய் எந்திரமும் அதைத் தொடர்ந்து மின்மோட்டாரும் வந்தபோது கவலை ஓய்ந்தது; அரவை ஆலை வந்தபோது உரலும் திரிகையும் திண்ணை ஓரத்துக்குப் போயின. 1943 முதல் வளர்ந்த சேலத்து ஜவ்வரிசித் தொழிலால் மரவள்ளி பணப்பயிராகி, தானியம் விளைந்த மேட்டுநிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்தது. நாமக்கல்லின் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டியும், குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் விசைத்தறியும் காசுப் புழக்கத்தைக் கூட்டின. 1956இல் காமராசர் ஆட்சி விரிவாக்கிய பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தொடங்கிய சத்துணவும், பின்னர் அதில் சேர்ந்த முட்டையும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தன. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் வழங்கப்பட்ட நியாயவிலைக் கடை அரிசி, நெல்லுச்சோற்றை மூன்று வேளைக்கும் உரிய உணவாக்கியது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மக்களை இழந்த நிலத்தில் பசி ஒழிக்கப்பட்டது மாபெரும் சாதனையாகும்; அதைக் குறைத்து மதிப்பிடும் எந்த உடல்நலப் பேச்சும் வரலாறு அறியாத பேச்சே.

எனினும் உழைப்பு குறைந்த வேகத்தில் உணவின் அளவு குறையவில்லை. எருதுகளோடு சரிவில் ஏறி இறங்கியவரின் பேரன் பத்து மணிநேரம் லாரியின் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். தட்டில் விழும் சோற்றின் அளவோ பாட்டனின் களியுருண்டையை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினரும் ஆண்களில் 28.2 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் ஆய்வில் அவை முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்தன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று, பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சூளகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. கூழின்றி மாண்டவர்களின் நிலத்தில் மிகையுணவின் நோய்களுக்கு மருந்து வீடுதேடி வரும் காலம், 150 ஆண்டுகளுக்குள் வந்துவிட்டது.

மெலிவின் மீதான ஐயம் பஞ்சத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் கருத வேண்டும். காசநோய் ஒரு தலைமுறைக்கு அந்த அச்சத்தைத் தந்தது. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்று மிகுந்து காணப்பட்ட மாவட்டங்களுள் நாமக்கல்லும் ஒன்றாக இருந்தமையால், லாரித் தொழிலில் உள்ள ஒருவர் இளைத்தாலே ஊர் வேறு கண்ணோடு பார்த்தது. இப்போது "சர்க்கரை வந்துருச்சா?" என்னும் கேள்வி அவ்விடத்தைப் பிடித்திருக்கிறது. இந்த ஐயத்தில் உண்மையான மருத்துவ அறிவும் உண்டு: நன்றாகப் பசித்து நன்றாக உண்டும், முயற்சி ஏதுமின்றி எடை தானாகக் குறைவது, கட்டுப்படாத நீரிழிவின் அல்லது தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்; அதை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது.

திட்டமிட்டுக் குறைப்பவரின் நிலை வேறு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், 24 வாரம் அரைப்பட்டினியில் இருந்து ஏறத்தாழக் கால்பங்கு எடையை இழந்தவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமற் போயிற்று. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் அவர்களின் பசி நெடுநாள் அடங்கவில்லை. எடை குறையும்போது பசி கூடுவது மனவுறுதிக் குறைவால் அன்று, உடம்பின் தற்காப்பினால் என்பது அதிலிருந்து தெளிவாகிறது. ஆகவே பெரும்பசி உள்ளவர் பட்டினி கிடக்காமல், வாரத்துக்கு அரைக் கிலோ அளவில், மாதக்கணக்கில் பொறுமையாகக் குறைப்பதே தாங்கக்கூடிய வழி. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. பங்கேற்றவர்களின் எடையில் பெரிய வீழ்ச்சி இல்லாமலே இப்பயன் கிட்டியது என்பது, தராசு முள் மெல்ல நகர்வதைக் கண்டு சோர்பவர்கள் அறிய வேண்டிய செய்தி.

இதற்கான கருவிகள் இந்நிலத்திலேயே உள்ளன. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழி வழங்கும் வட்டாரத்தில், கொள்ளுக் கடைசலும் கொள்ளு ரசமும் இன்றும் வாரம்தோறும் ஆக்கப்படுகின்றன. புரதமும் நார்ச்சத்தும் மிகுந்த கொள்ளு, வயிற்றை நிறைத்துச் சோற்றின் அளவைத் தானே குறைக்கும். ராகியும் கம்பும் நார்ச்சத்து உடையவை. எனினும் அவையும் மாவுச்சத்துத் தானியங்களே ஆதலால், பாட்டனின் உழைப்பின்றிப் பாட்டனின் அளவுக்குக் களி உண்பவர் இளைக்க மாட்டார். கீரையும் அவரையும் மிகுந்து, தானியம் குறைந்த தட்டே பசியையும் எடையையும் ஒருங்கே சமாளிக்கும்.

ஆதலால் குடும்பங்கள் தம் பழைய கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. அதைச் சற்றுத் திருத்திக் கேட்டால் போதும். இளைத்து வந்தவரிடம் "தானாகக் குறைந்ததா, நீயாகக் குறைத்தாயா?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். தானாகக் குறைந்தது என்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சர்க்கரையையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும். தாமே முயன்று குறைத்தது என்றால், அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லாமல், இலைமேல் மறித்த கையை மதித்துக் கரண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். தாது வருஷத்தில் மெலிவு பிறரால் சுமத்தப்பட்டது. இன்று அது ஒருவர் தம் ஆயுளைக் கருதித் தாமே மேற்கொள்ளும் உழைப்பு. இவ்வேறுபாட்டை வீடுகள் உணர்ந்து நடப்பதே, பஞ்சத்தை வென்ற தலைமுறைகளுக்கு இந்நிலம் செய்யக்கூடிய நன்றி.