இருவர் காத்த களம்

திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் நான் பலமுறை சென்றதுண்டு. வெங்காய மூட்டைகள் ஏற்றிய கைவண்டி நெருக்கமான சந்தில் வரும். முன்னால் ஒருவர் இழுப்பார். பின்னால் ஒருவர் தள்ளுவார். முன்னவர் இடப்புறம் திருப்பினால், பின்னவரும் அக்கணமே அதற்கேற்ப விலகுவார். அவர்களைக் காணும்போதெல்லாம், 1966ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த டென்னிஸ் ஆட்டமொன்று என் நினைவுக்கு வரும்.

ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலம் 27 அடி. இரட்டையர் ஆட்டத்தில் 36 அடி. ஆள் இரு மடங்காகிறான். அகலமோ 9 அடிதான் கூடுகிறது. ஒருவருக்கு 18 அடியே பங்கு. அங்ஙனமாயின் இரட்டையர் ஆட்டம் எளிதன்றோ? அன்று! இருவருக்கும் நடுவே வரும் பந்து யாருடையது? இருவரும் பாய்ந்தால் மட்டைகள் மோதும். இருவரும் நின்றுவிட்டால் பந்து போய்விடும். வலையும் ஓரத்தில் மூன்றரை அடி உயரம், நடுவில் மூன்றே அடி. ஆகவே எதிரி நடுவையே நாடுவான். ஒருவர் ஓரத்துக்கு ஓடினால் மற்றவர் நடுவை நோக்கி நகர வேண்டும். தலைக்கு மேலே செல்லும் பந்தைத் தேடி ஒருவர் மறுபுறம் ஓடினால், மற்றவர் அவர் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். இருவரையும் ஒரே கயிற்றால் பிணைத்ததுபோல் இருத்தல் வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலை வென்று, டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இந்தியா முதன்முறையாகச் சென்றது. எதிரே நின்றது ஆஸ்திரேலியா. களமோ அவர்களுடைய கூயோங் புல்தரை. முதல் நாளன்று நம்முடைய தமிழகத்து ராமநாதன் கிருஷ்ணன் பிரெட் ஸ்டோலியிடம் தோற்றார். கல்கத்தாவின் ஜெய்தீப் முகர்ஜி ராய் எமர்சனிடம் தோற்றார். இன்னும் ஓர் ஆட்டம் போனால் கோப்பை போயிற்று.

அடுத்தது இரட்டையர் ஆட்டம். எதிரிகள் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் இணையினர். 1965இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றவர்கள். முதல் செட்டை நம்மவர் 4-6 என்று இழந்தனர். பின்னர் என்ன நிகழ்ந்தது? 7-5, 6-4, 6-4 என்று தொடர்ந்து மூன்று செட்டுகளைக் கைப்பற்றினர்! இந்தியாவின் நம்பிக்கை மேலும் ஒரு நாள் உயிர் வாழ்ந்தது.

மறுநாள் எஞ்சிய இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் நாம் தோற்றோம். 4-1 என்று கோப்பை ஆஸ்திரேலியாவிடமே தங்கியது. ஆயினும் அந்த ஒன்றை எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணனும் முகர்ஜியும் தனித்தனியே ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. சேர்ந்து ஆடிய ஒன்றில் வெற்றி. இருவரும் அதே மனிதர்தாம், எதிரிகளும் வலியவர்தாம். தனித்து நின்றபோது எட்டாத வெற்றி, இணைந்து நின்றபோது எட்டியது.

தோழன் விட்ட இடத்தைத் தன் இடமாகக் கருதிக் காப்பவனே நல்ல இணையாட்டக்காரன். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு பொதுப்பணியில் இறங்கும்போது, ‘என் பங்கை முடித்துவிட்டேன்’ என்று கூறி ஒதுங்காதீர்கள். நடுவில் விழும் பந்து யாருடையது என்றும் கேளுங்கள். காந்தி மார்க்கெட்டின் கைவண்டி சந்தைக் கடப்பதும் அவ்வாறே.